தொண்டை கட்டிய கம்ப்யூட்டர்

நெட்டூரணி பஸ் ஸ்டாண்டில் மாடிப்படி ஏறினால் முதல் கதவு அறிவிப்பு அறை. உள்ளே ஒரு பழைய கம்ப்யூட்டர், ஒரு மைக், நாலு நாற்காலி, நாற்காலிக்கு ஒருவராக நாலு பேர். கம்ப்யூட்டரின் வயிற்றுக்குள் ஒரு சிடி சுற்றும். அதிலிருந்து ஒரு அம்மா, "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று ஆரம்பித்து, எந்த பஸ் எங்கே நிற்கிறது, எப்போது கிளம்புகிறது என்று பாகு மாதிரி சொல்லுவாள். பதினோரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்த நாலு பேருக்கும் வேலை ஒழுங்காகப் பிரித்துக் கொடுக்கப்பட்டிருந்தது. காலையில் சிடியை உள்ளே போடுவது கோமதிநாயகம். சாயந்திரம் ஆறு மணிக்கு அதை வெளியே எடுப்பது மாடக்கண்ணு. கண்ணு என்றுதான் கூப்பிடுவார்கள். வெயிலுமுத்து வேலை பார்ப்பவர். அதாவது, மற்றவர்கள் செய்கிற வேலையை உட்கார்ந்து பார்ப்பவர். இவர்களுக்கெல்லாம் மேலே ஆவுடையப்பன். பஸ் கிளம்பும் நேரத்தில் அதற்குரிய எண்ணை அழுத்துவது அவர் பொறுப்பு. அழுத்தி அழுத்தி அவருடைய வலது ஆள்காட்டி விரலுக்குத் தனியாக ஒரு கம்பீரம் வந்திருந்தது. வீட்டில் அந்த விரலால் அவர் ஊறுகாய்கூடத் தொடமாட்டார்.

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. நகராட்சிக்குப் புதிதாக வந்திருக்கும் ஆணையர் அம்மா பகல் பன்னிரண்டு மணிக்கு வருவதாகக் கடிதம் வந்திருந்தது. இந்த அறை வேண்டுமா, வேண்டாமா என்று நேரில் பார்த்து முடிவு செய்வாராம். வேண்டாம் என்று தோன்றினால் அறைக்குப் பூட்டு. நாலு பேரும் குப்பை லாரி வேலைக்கு. ஆவுடையப்பனுக்கு நாலு நாளாகச் சோறு இறங்கவில்லை. அன்றைக்கு வெள்ளை வேட்டி கட்டி, விரலுக்கு மட்டும் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு வந்தார்.

காலை ஒன்பது ஐந்துக்குச் சங்கரன்கோவில் பஸ் உறுமியது. ஆவுடையப்பன் எண்ணை அழுத்தினார்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. சங்... சங்... சங்... சங்..." என்றது கம்ப்யூட்டர். பிறகு கர்ர்ர்ர் என்று ஒரு சத்தம். அப்புறம் மூச்சில்லை.

கீழே ஒரு பெரியவர், "யாருக்குடே சங்கு?" என்று கேட்டுக்கொண்டே செருப்பைத் தேடினார்.

மாடியில் நாலு பேரும் கம்ப்யூட்டரைச் சுற்றி நின்றார்கள்.

"அம்மாவுக்குத் தொண்டை கட்டியிருக்கு அண்ணாச்சி" என்றார் கோமதிநாயகம்.

"கட்டாம என்ன செய்யும்? பதினோரு வருஷமா கத்துதாவ. நம்மள்ல யாராவது ஒரு மடக்குத் தண்ணி வேணுமான்னு கேட்டிருக்கமா?" என்றான் கண்ணு.

ஆவுடையப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. கேட்டதில்லை. ஒரு பொங்கலுக்குக்கூடக் கேட்டதில்லை.

"ஆவி பிடிச்சா சரியாப் போயிரும்" என்றார் வெயிலுமுத்து.

டீக்கடையிலிருந்து கொதிக்கக் கொதிக்க ஒரு சட்டி வெந்நீர் வந்தது. நொச்சித் தழை வந்தது. சட்டியை கம்ப்யூட்டரின் முன்னால் வைத்து, இரண்டையும் சேர்த்து வெயிலுமுத்துவின் கம்பளியால் மூடினார்கள். பத்து நிமிஷம் கழித்துக் கம்பளியை எடுத்தால், கம்ப்யூட்டரின் முகமெல்லாம் முத்து முத்தாகத் தண்ணீர்.

"வேர்த்திருச்சு! இனி பயமில்ல" என்றார் கோமதிநாயகம்.

ஆவுடையப்பன் விரலை வைத்தார். கர்ர்ர்ர் என்றது, கொஞ்சம் ஈரமாக.

"சளி இளகுது" என்றார் வெயிலுமுத்து.

அதற்குள் ராஜபாளையம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. சுவரில் ஒரு விதி ஒட்டியிருந்தது: 'இயந்திரம் பழுதானால் பயணிகளிடம் மைக்கில் வருத்தம் தெரிவிக்க வேண்டும். எதற்காக வருத்தம் என்பதை விவரமாகச் சொல்ல வேண்டும்.' ஆவுடையப்பன் விதியை மீறாதவர். மைக்கை இழுத்து வைத்துக்கொண்டார்.

"பயணிகளுக்கு வருத்தத்துடன் தெரிவிப்பது. மிஷின் ரிப்பேர். அதனால, ராஜபாளையம் போற பஸ், ரெண்டாம் நம்பர் பிளாட்பாரத்துலருந்து இன்னும் ரெண்டு நிமிஷத்துல கிளம்பப் போகுதுங்கிறதை உங்களுக்குச் சொல்ல முடியாத நிலைமையில இருக்கோம். மன்னிக்கணும்."

கீழே முப்பது பேர் பையைத் தூக்கிக்கொண்டு இரண்டாம் நம்பருக்கு ஓடினார்கள்.

ஆவுடையப்பன் ஜன்னல் வழியாகப் பார்த்தார். "பாவம்டே. சொல்ல ஆளில்லன்னதும் சனம் எப்படிச் சிதறி ஓடுது பாரு."

இனியும் கைவைத்தியம் உதவாது என்று தென்காசியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் சொர்ணத்துக்குப் போன் போட்டார். சொர்ணம் கெட்டிக்காரி. ஆனால் கடையில் தலைக்கு மேல் வேலை. மூன்று மணிக்கு முன்னால் கிளம்ப முடியாது.

"அண்ணாச்சி, நான் போன்லயே சொல்லுதேன், நீங்க செய்யுங்க" என்றாள். பாவம், இவர்களிடம் இங்கிலீஷில் பேசினால் குழம்பிவிடுவார்கள், நல்ல தமிழில் சொன்னால் புரிந்துவிடும் என்று நினைத்தாள். அங்கேதான் அவள் தப்புச் செய்தாள்.

"முதல்ல கம்ப்யூட்டரை அணைச்சு, ஒரு அஞ்சு நிமிஷம் அப்படியே வைங்க."

ஆவுடையப்பன் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு மற்றவர்களைப் பார்த்தார். "கட்டி அணைக்கணுமாம்."

மூன்று பேரும் திரும்பி கம்ப்யூட்டரைப் பார்த்தார்கள்.

"உள்ள ஒரு பொம்பளை இருக்காவளே அண்ணாச்சி" என்றார் கோமதிநாயகம் மெதுவாக.

"கண்ணு கல்யாணமாகாதவன். அவன் அணைக்கட்டும்" என்றார் வெயிலுமுத்து.

"நாளைக்கு எனக்குப் பொண்ணு பாக்கப் போற இடத்துல இதை யாரு போய் விளக்குவா?" என்றான் கண்ணு. அதுவும் நியாயமாகப் பட்டது.

கடைசியில் ஆவுடையப்பன் எழுந்தார். "நான் கூடப் பிறந்த தங்கச்சியா நினைச்சு அணைக்கேன். நடுவுல துண்டைப் போடுங்க" என்றார். துண்டைப் போட்டார்கள். அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு கம்ப்யூட்டரை மார்போடு அணைத்தார். அது சூடாக, உடம்பு முழுக்க அதிர்ந்துகொண்டிருந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல் அடித்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது அவருக்கு. தன்னை அறியாமல் முதுகைத் தட்டிக் கொடுத்தார்.

நடுவில் புளியங்குடி பஸ் வந்துவிட்டது. அணைத்த கையை எடுக்க முடியாது. கண்ணு மைக்கை அவர் வாய்க்கு நேராகப் பிடித்தான். புளியங்குடி பஸ் நாலாம் நம்பரில் நிற்பதையும், அதில் உட்கார இடம் இருப்பதையும் சொல்ல முடியாமல் போனதற்கு அவர் தழுதழுத்த குரலில் வருத்தம் தெரிவித்தார். கீழே சிலர் உருகிப்போய், புளியங்குடிக்குப் போகாதவர்கள்கூட ஏறினார்கள்.

"அஞ்சு நிமிஷம் ஆச்சும்மா" என்றார் போனில்.

"இப்ப என்ன செய்யுது?"

"அமைதியா இருக்கு."

"நல்லது. இப்ப தட்டு வெளிய வருதான்னு பாருங்க."

அலமாரியில் நாலு பேருடைய சாப்பாட்டுத் தட்டும் இருந்தன. கோமதிநாயகத்தை வாசலில் உட்கார வைத்தார்கள். அவர் அலமாரியைப் பார்த்தபடி கால் மணி நேரம் கண் கொட்டாமல் உட்கார்ந்திருந்தார்.

"வரல அண்ணாச்சி. லேசா ஆடுன மாதிரி இருந்துச்சு. ஆனா வரல."

"வரலம்மா" என்று போனில் சொன்னார் ஆவுடையப்பன்.

"சிக்கிக்கிட்டிருக்கும். கம்ப்யூட்டர் முன்பக்கம் சின்னதா ஒரு ஓட்டை தெரியும். அதுல ஒரு ஊசி போடுங்க. உடனே வெளிய வந்திரும்."

ஊசி என்றதும் கண்ணு விழுந்தடித்துக்கொண்டு படி இறங்கினான். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஆஸ்பத்திரி வைத்திருக்கும் டாக்டர் ஊரில் இல்லை. கம்பவுண்டர் மட்டும் இருந்தார். ஊசி, பஞ்சு, ஸ்பிரிட் எல்லாம் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

"யாருக்கு?"

நாலு பேரும் கம்ப்யூட்டரைக் காட்டினார்கள். கம்பவுண்டர் குனிந்து பார்த்தார்.

"வயசு?"

"பதினொண்ணு."

"சாப்பாட்டுக்கு முன்னயா, பின்னயா?"

நாலு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "காலைல சிடி ஒண்ணு உள்ள போயிருக்கு" என்றார் கோமதிநாயகம்.

"அப்ப பின்ன" என்ற கம்பவுண்டர் ஓட்டையைச் சுற்றி ஸ்பிரிட் தடவினார். "வலிக்காது, அங்கிட்டுப் பாத்துக்கோ" என்று கம்ப்யூட்டரிடம் சொல்லிவிட்டு ஊசியை ஓட்டைக்குள் ஒரே குத்தாகக் குத்தினார்.

டக்கென்று கம்ப்யூட்டர் நாக்கை நீட்டிவிட்டது. நாக்கின் மேல் சிடி பளபளவென்று உட்கார்ந்திருந்தது.

"நாக்கை நீட்டச் சொல்லாமலே நீட்டுது பாருங்க. நல்ல பிள்ளை" என்றார் கம்பவுண்டர். போகும்போது பஞ்சையும் ஸ்பிரிட்டையும், தேவைப்படும் என்று விட்டுவிட்டுப் போனார்.

இப்போது சிடியை வெளியே எடுக்க வேண்டும். கண்ணு கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"எடுடே."

"ஆறு மணிக்கு எடுக்கிறதுதான் அண்ணாச்சி என் வேலை. இப்ப மணி பதினொண்ணு. ஆணையர் வார நாளுல விதியை மீறச் சொல்லுதியளே?"

ஆவுடையப்பன் யோசித்தார். பையன் சொல்வது சரி. உடனே கோமதிநாயகம் நாற்காலி மேல் ஏறிச் சுவர்க் கடிகாரத்தை ஆறு மணிக்குத் திருப்பி வைத்தார். கண்ணு திருப்தியோடு சிடியை எடுத்தான். ஆறு மணியானதைப் பார்த்த வெயிலுமுத்து தூக்குவாளியை எடுத்துக்கொண்டு, "நாளைக்குப் பாப்போம்" என்று வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். அவரைப் பாதிப் படியில் பிடித்து இழுத்து வந்து, கடிகாரத்தை மறுபடி பதினொன்றேகாலுக்குக் கொண்டுவரப் பெரும்பாடாகிவிட்டது.

சொர்ணம் மறுபடி லைனில் வந்தாள். அவள் பின்னால் யாரோ இரும்பு அறுத்துக்கொண்டிருந்தார்கள். இவர்கள் பக்கம் ஏழு பஸ் உறுமிக்கொண்டிருந்தது.

"அண்ணாச்சி, உள்ள சின்னதா கண்ணு இருக்கும், பாருங்க. இருக்கா?"

"கண்ணா? உள்ளதான் இருக்கான்."

"அழுக்கா இருக்கா?"

ஆவுடையப்பன் கண்ணுவை மேலும் கீழும் பார்த்தார். "கொஞ்சம் அழுக்காத்தான் இருக்கான். சொல்லக்கூடாதுன்னு இருந்தோம்."

"அதான் விஷயமே! அதுல தூசி படிஞ்சா ஒண்ணும் ஓடாது. முதல்ல வாயால நல்லா ஊதுங்க. அப்புறம் பஞ்சுல ஸ்பிரிட்டைத் தொட்டு மெதுவாத் துடைங்க. அழுத்தித் தேய்ச்சிராதீங்க, கீறல் விழுந்திரும்."

கண்ணுவை ஸ்டூலில் உட்கார வைத்தார்கள். ஒரு பக்கம் கோமதிநாயகம், மறு பக்கம் வெயிலுமுத்து, முன்னால் ஆவுடையப்பன். மூன்று பேரும் கன்னம் உப்ப ஊதினார்கள்.

"ஏன் அண்ணாச்சி என்னை ஊதுதீய?"

"உன்னாலதாம்லே இவ்வளவும். ஆடாம இரு, கீறல் விழுந்திரும்."

நெற்றியில் தொடங்கி முழங்கால் வரைக்கும் பஞ்சால் துடைத்தார்கள். கண்ணு கூச்சத்தில் நெளிந்து நெளிந்து சிரித்தான். இடையில் மூன்று பஸ் கிளம்பியது. மூன்றுக்கும் ஆவுடையப்பன் மைக்கில் வருத்தம் தெரிவித்தார். பின்னாலிருந்து வந்த சிரிப்புச் சத்தத்தைக் கேட்டுக் கீழே குழந்தைகளும் சிரித்தன. கடைசியில் பஞ்சு கறுத்து, கண்ணு வெளுத்தான்.

"துடைச்சாச்சும்மா. ஆளே பளிச்சுன்னு ஆயிட்டான்."

"இப்ப சிடியைப் போட்டுப் பாருங்க. படிக்குதா?"

கோமதிநாயகம் சிடியைப் போட்டார். நாலு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள். சத்தமே இல்லை.

"படிக்கல. மனசுக்குள்ள படிக்குதோ என்னவோ" என்றார் ஆவுடையப்பன்.

சொர்ணம் பெருமூச்சு விட்டது இங்கே கேட்டது. "அப்ப சிடியில கோளாறா, மிஷின்ல கோளாறான்னு தெரியணும். பக்கத்துல வேற மிஷின் இருந்தா அதுல இந்த சிடியைப் போட்டுப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள்.

பக்கத்தில் வேறு மிஷின் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. படிக்கட்டுக்குக் கீழே, கரும்புச்சாறு மிஷின்.

கடைக்காரர் முதலில் தயங்கினார். "இதுல சாறு இருக்குமா?" என்று சிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பதினோரு வருஷக் குரல் இருக்கு. மெதுவா விடும்" என்றார் ஆவுடையப்பன்.

கடைக்காரர் வழக்கப்படி ஒரு துண்டு இஞ்சியையும் அரை எலுமிச்சம்பழத்தையும் சேர்த்துச் சக்கரத்தைச் சுழற்றினார். படார் என்று ஒரு சத்தம். அந்தப் பக்கம் சிடி ஏழு துண்டாக வந்து விழுந்தது. கீழே வைத்த டம்ளரில் எலுமிச்சைச் சாறு மட்டும் அரை மடக்கு.

கோமதிநாயகம் டம்ளரைக் காதில் வைத்துப் பார்த்தார். பிறகு இல்லையென்று தலையை ஆட்டினார்.

"அப்ப கோளாறு சிடியிலதான்" என்றார் வெயிலுமுத்து. கண்டுபிடித்ததில் எல்லோருக்கும் ஒரு நிமிஷம் சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்த நிமிஷம் முடிந்ததும் ஆவுடையப்பன் நேரத்தைப் பார்த்தார். மணி பன்னிரண்டு. குப்பை லாரியின் மணிச் சத்தம் அவர் காதுக்குள் கேட்டது.

நாலு பேரும் மாடிக்கு ஏறி வந்தால், ஆணையர் அம்மா அறையில் நின்றுகொண்டிருந்தார். சின்ன வயசு. பருத்திப் புடவை. கையில் ஒரு நோட்டு.

"நான் காலைல ஒன்பதேகாலுக்கே வந்துட்டேன். யாருக்கும் சொல்லாம கீழே பயணிகளோட உட்கார்ந்திருந்தேன்" என்றார்.

ஆவுடையப்பன் கையைக் கட்டிக்கொண்டார். பொய் சொல்ல அவருக்கு வராது. "அம்மா, மன்னிக்கணும். காலையிலருந்து இங்க ஒரு அறிவிப்புகூட நடக்கல. மிஷினுக்கு ஆவி பிடிச்சு, அணைச்சு, ஊசி போட்டு, எல்லாம் செஞ்சு பாத்துட்டோம். சிடியும் இப்பத்தான் ஏழு துண்டாச்சு. எங்களை லாரிக்கு அனுப்பிருங்க. கண்ணுவை மட்டும் இன்னைக்கு வேணாம், இப்பத்தான் துடைச்சோம்."

"அறிவிப்பு நடக்கலையா? நான் என் காதால கேட்டேனே. எந்த பஸ், எந்த பிளாட்பாரம், எத்தனை நிமிஷம், உட்கார இடம் இருக்கா, எல்லாம் சொன்னீங்களே."

"அது அறிவிப்பு இல்லம்மா" என்றார் ஆவுடையப்பன் தலை குனிந்து. "வருத்தம்."

ஆணையர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். அவர் தோள் குலுங்கியது. தங்கள் நிலைமையைப் பார்த்து அழுகிறார் என்று நினைத்து வெயிலுமுத்துவும் கொஞ்சம் அழுதார்.

ஒருவழியாகத் திரும்பியபோது ஆணையரின் கண்ணெல்லாம் நீர். "இந்த ஸ்டாண்டுல இன்னைக்கு ஒருத்தர்கூட பஸ்ஸை விடலை. பக்கத்துல உட்கார்ந்திருந்த அம்மாகூட, எந்நாளும் இப்படியே சொன்னா நல்லா இருக்குமேன்னாங்க. இந்த அறை இருக்கட்டும். நீங்களும் இருங்க."

நாலு பேரும் ஒரே நேரத்தில் கும்பிட்டார்கள்.

"ஆனா ஒண்ணு. இனிமே சிடியும் வேண்டாம், வருத்தமும் வேண்டாம். இந்த ஸ்டாண்டை விட்டு எந்த வண்டி கிளம்பினாலும், எங்கே நிக்குது, எந்த வழியாப் போகுதுன்னு நீங்களே நேரா மைக்குல சொல்லிடுங்க. ஒண்ணு விடாம சொல்லணும். சரியா?"

"ஒண்ணு விட மாட்டோம்மா" என்றார் ஆவுடையப்பன். அவர் குரல் கணீரென்று வந்தது.

ஆணையர் படி இறங்கினார். ஆவுடையப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மைக்கின் முன்னால் உட்கார்ந்தார். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாகச் சொந்த வாயால் அறிவிக்கப் போகிறார். எந்த வண்டி கிளம்புகிறது என்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். கீழே டிரைவர், ஆணையர் அம்மா வருவதைப் பார்த்துவிட்டு, அவருடைய நகராட்சி ஜீப்பை ஸ்டார்ட் செய்துகொண்டிருந்தார்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு! ஒண்ணாம் நம்பர் பிளாட்பாரம் பக்கத்துல ஜீப் ஒண்ணு கிளம்பத் தயாரா நிக்குது. தேரடி, தாலுகா ஆபீஸ், பெரிய மார்க்கெட் வழியா நகராட்சி அலுவலகம் வரை போகும். டிக்கெட் கிடையாது. ஏறுங்க, ஏறுங்க!"

காலையிலிருந்து அந்தக் குரல் சொன்ன ஒன்றும் பொய்த்ததில்லை. சனம் யோசிக்கவே இல்லை. மார்க்கெட்டுக்குப் போகிற கீரைக்காரிகள் கூடையோடு முன்சீட்டில் ஏறினார்கள். தாலுகா ஆபீசுக்கு மனு கொடுக்க வந்தவர்கள் பின்னால் ஏறினார்கள். ஒருவர் பலாப்பழத்தை பானெட்டில் வைத்துவிட்டு அதன் பக்கத்தில் தானும் உட்கார்ந்தார். டிரைவர் எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை. ஹாரன் மட்டும் அடித்தது. யாரோ "ரைட்" என்று தட்ட, ஜீப் நகர்ந்தது.

ஆணையர் கடைசிப் படியில் கையை நீட்டியபடி நின்றுவிட்டார்.

கண்ணு ஜன்னலில் எட்டிப் பார்த்தான். "அண்ணாச்சி, ஆணையர் அம்மாவுக்கு இடம் கிடைக்கல போலிருக்கே."

ஆவுடையப்பன் பதறவில்லை. மைக்கை மறுபடி பக்கத்தில் இழுத்தார்.

"படிக்கட்டுக்குப் பக்கத்தில் நோட்டோட நிக்கிற அம்மாவின் கனிவான கவனத்திற்கு. இன்னும் கொஞ்சம் முன்னாலயே வந்திருக்கணும். அடுத்த ஜீப்புக்குக் காத்திருங்க."